கெம்பம்மாவுக்குக் கறிச்சோறு

செப்டம்பர் 10, புதன்

காலையிலிருந்து தூறல். நனைக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஸ்வெட்டர் எடுத்தாச்சு. ஷிப்ட் பஸ் கால் மணி தாமதம். வந்ததும் வராததுமாக மூன்று டிரே ரிஜெக்ட். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். முறைத்தார்கள். முறைக்கட்டும், அளவு சரியில்லை என்றால் இல்லைதான்.

மேனேஜர் சார் கூப்பிட்டு அனுப்பினார். பேக்கிங் கெம்பம்மாக்கா இந்த மாதம் முப்பதாம் தேதி ரிடையர் ஆகிறார். சென்ட்-ஆஃப் ஏற்பாடு என் தலையில். மாலை, சால்வை, குத்துவிளக்கு, மதியச் சாப்பாடு. "எப்பவும் போற இடம்தான் வசந்தி, டேபிள் மட்டும் சொல்லிடுங்க" என்றார். எப்பவும் போகிற இடம், மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அந்த ஏ.சி. சைவ ஓட்டல்.

மரியாதைக்கு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

"க்யூசியம்மா, நானு இங்க வந்து இருவத்திரெண்டு வருசம். எத்தன பேரு சென்ட்-ஆஃப்புக்கு அந்த ஓட்டல்ல போயி சாம்பார் குடிச்சிருப்பேன் சொல்லு. என்னோட ஊட்டாவாவது கறியோட போடச் சொல்லும்மா. கறியும் களியும். வெளக்குகூட வேணாம்."

குவாலிட்டியில் இருப்பதால் நான் அவருக்குக் க்யூசியம்மா. ஊட்டா என்றால் சாப்பாடு. அக்காவின் ஊர் அஞ்செட்டி தாண்டி மலைக்குள். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், திட்டும்போது இரண்டும்.

கேட்டதில் என்ன தப்பு? இத்தனை வருஷத்தில் யாருமே கேட்கவில்லையே, அதுதான் தப்பு.

மாலைக்குச் சொல்லணும். சால்வை. வீட்டில் இவருக்குப் பல் டாக்டர். இஞ்சி இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

எங்கள் செக்‌ஷனில் அக்காவை விட்டு, என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர், ஒன்பது பேர் பெண்கள். டீ நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து இரண்டே கேள்வி. கறி சாப்பிடுவீர்களா? சென்ட்-ஆஃபை அசைவ மிலிட்டரி ஓட்டலில் வைக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதினான்கு பேரும் ஆமாம். சிலர் பல்லைக் காட்டிக்கொண்டே ஆமாம். ஆட்டுக்கால், தலைக்கறி, குடல் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு யார் முகத்திலும் ஈயாடவில்லை. அப்புறம் வந்தவை:

"அன்னிக்கி செவ்வாக்கெழம மேடம்."

"புரட்டாசி மாசமாச்சே. எங்க ஊட்டுல கறிச்சட்டியவே பரண் மேல ஏத்திருவாங்க."

"மக்யா நாளு புதன்கெழம ஆயுத பூஜை."

"நான் மலைக்கு மாலை போடறேன்." எப்போதப்பா என்றேன். கார்த்திகையில் என்கிறான்.

"நாலு பேரு போற எடம் பொதுவா இருக்கட்டும் மேடம்."

இந்தப் பொதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பதினான்கு பேரில் ஒருத்தர்கூட சைவம் கிடையாது. பிறகு யாருக்காக இந்தப் பொது? வராத விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு வந்த பதினான்கு பேரும் கைகட்டி நிற்கிற கதை.

மெயின்டனன்ஸ் நாகராஜ் இன்னும் மோசம். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் முப்பது நாட்டுக்கோழி. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழியை ஒற்றை ஆளாக முடிப்பவர். அவர் சொல்கிறார்:

"கறி நம்ம ஊட்டுல திங்கறது மேடம். ஓட்டலுக்குன்னு போனா சைவந்தான். அங்க காளான் சுக்கான்னு ஒண்ணு போடறான் பாருங்க, கண்ண மூடிட்டு தின்னா மட்டனேதான்."

கண்ணை ஏன் மூடணும்? திறந்துகொண்டு மட்டனையே தின்னலாமே? கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆவணியின் கடைசி ஞாயிறு. வெயில் வந்தது. இவர் ஆறு மணிக்கே கறிக்கடை வரிசையில். ஒன்றரை மணி நேரம் நின்று, போரில் வென்ற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலனியே அங்கேதானாம். "புதன்கிழமை புரட்டாசி பொறக்குது, இன்னைக்கே தின்னு வச்சுக்கிட்டாத்தான் உண்டு."

ஈரல் வறுவல், எலும்புக் குழம்பு, சுக்கா. எனக்கு விருதுநகர்ப் பக்கத்துக் கை, எண்ணெய்க்குக் குறை வைக்கவில்லை. இவர் நான்கு தடவை சோறு வாங்கினார். பல் வலி எங்கே போனதோ.

சாயங்காலம் ஆறு மணி. இன்னும் பல்லைக் குத்திக்கொண்டிருக்கிறார். "வசந்தி, போயி ஒரு காபி குடிச்சிட்டு வருவமா?" எங்கே? அங்கேதான்.

காபிக்குப் போனவர் பரோட்டா சொன்னார், காளான் சுக்கா சொன்னார், கோபி மஞ்சூரியன் சொன்னார். மதியம் அரைக் கிலோ ஆடு இறங்கிய அதே வயிறு. நிமிர்ந்து பார்க்கிறேன், காலையில் இவரோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இங்கே, குடும்பத்தோடு. ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொள்கிறார்கள். மெனு கார்டைப் படித்தேன். சோயா கோலா உருண்டை. வாழைக்காய் மீன் வறுவல். பலாக்காய் பிரியாணி. பேரில் மீன் இருக்கலாம், தட்டில்தான் இருக்கக் கூடாது!

இவரிடம் கேட்டேன், இங்கே அப்படி என்னதான் இருக்கிறது? யோசித்துத்தான் சொன்னார். "இங்க வந்தா ஒரு டீசன்டு, வசந்தி." அப்படியானால் மதியம் என் கையால் தின்றது என்ன? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காபி நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

சாரிடம் போய் நின்றேன். அக்காவின் ஆசையைச் சொன்னேன்.

"வசந்தி, நானே சிக்கன் இல்லாம சாப்பிட மாட்டேன். ஆனா கம்பெனி பேர்ல போறப்ப நான்-வெஜ்னா ஒரு மாதிரி இல்ல?"

"என்ன மாதிரி சார்?"

பேனாவை மூடினார், திறந்தார். ஹெட் ஆபீஸிலிருந்து யாராவது வந்துவிட்டால் என்றார். வந்தால் அவர்களும் சாப்பிடுவார்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை என்றார். அந்தத் தேதியை அக்கா தேர்ந்தெடுக்கவில்லை, கம்பெனி ரூல்தான் தேர்ந்தெடுத்தது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் இறங்கி வந்தார். "சரி, நல்ல இடமா ஒண்ணு காட்டுங்க. லேடீஸ் ஒன்பது பேர் நிம்மதியா உக்காரணும். அப்பறம் பேசலாம்."

காட்டுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி ஒன்று. ஷிப்ட் முடிந்து நேராக மிலிட்டரி ஓட்டல். ஊரிலேயே நல்ல பெயர் வாங்கியது, களியும் கறியும் அங்கேதான் கிடைக்கும். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. கல்லாவில் இருந்தவர், "ஒரு மாசத்துக்கு ஈ ஓட்டவேண்டியதுதாம்மா" என்றார். கஸ்டமர் எல்லாம் எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை. வரும் வழியில் பார்த்தேன், சைவ ஓட்டல் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதினைந்து பேர் சாப்பாடு, ஒன்பது பேர் பெண்கள், அக்காவோடு பத்து என்றேன். "லேடீஸா? பார்சல் கட்டிக் குடுத்துடறோம்மா."

பார்சல் வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஒரே ஹால். நான்கு மேசையில் ஆண்கள், நான்கு மேசையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. கை கழுவும் இடத்தில் முட்டைக்கோஸ் குவியல். கக்கூஸ் பின்னால். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள், உள்ளே இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். தாழ்ப்பாள் போட்டுவிடுங்களேன் என்றேன். "இங்க பொம்பளைங்க யாரும்மா வர்றாங்க" என்றார். தாழ்ப்பாள் இல்லாததால் வருவதில்லை, வராததால் தாழ்ப்பாள் இல்லை. நல்ல நியாயம்.

எங்கள் பெண்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. அவர்களுக்குச் செவ்வாயும் இல்லை புரட்டாசியும் இல்லை. சைவ ஓட்டலில் தாழ்ப்பாள் இருக்கிறது. குழந்தையை மடியில் வைத்து ஊட்டலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். அதற்காக நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறார்கள். கறி தின்ன வேண்டுமென்றால் இந்த ஊரில் வீட்டில் சமைத்துத் தின்ன வேண்டும், இல்லை ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். கொதிக்கிறது எனக்கு.

அக்காவிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இத்தினி வருசம் காட்டுல எந்தத் தாப்பா இருந்துச்சு? ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிக்கறது. சரி வுடு. ஞாயித்துக்கெழம அமாவாசை, எங்க ஊட்டுல பெரியவங்களுக்கு எலை போடறோம். நீ வரணும். கம்பெனிலருந்து வேற யாரையும் கூப்புடல."

வருகிறேன் என்றேன். மனசுக்கு இதமாக இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. இவர் விடியற்காலையில் தென்பெண்ணைக் கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். நான் தலைக்குக் குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கிளம்பினேன். அம்மா போய் இது முதல் மகாளயம். அக்கா வீட்டுப் படையலில் உட்கார்ந்து விரதத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பூசணிக்காய், வாழைக்காய், அகத்திக்கீரை, வடை, பாயசம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதானே.

அஞ்செட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தது. காட்டு ரோட்டில் குளிர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வாசலிலேயே மசாலா வாசனை. பக்கத்து வீடாக்கும் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

சுவரை ஒட்டி ஏழு இலை. ஏழிலும் கறி. ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி, அவித்த முட்டை, ஒரு இலையில் கருவாடு, எல்லாவற்றிலும் ஒரு உருண்டை களி. அக்கா ஒவ்வொரு இலையாகக் காட்டினார்.

"இது எங்க மாமியா. ஈரல்னா உசுரு. இது எங்க அப்பன், தலக்கறி இல்லன்னா எலைய எத்திருவான். இது எங்க ஊட்டுக்காரரு." அந்த இலையோரம் ஒரு பீடிக் கட்டும் தீப்பெட்டியும். "செத்தவங்களுக்குப் புடிச்சத வெக்கணும், அதான் எங்க வழக்கம். நீ உக்காரு. ஆளுங்களுக்குப் போடறதுல மொத எலை உனக்குத்தான்."

உட்கார்ந்தேன். களி வந்தது, குழம்பு வந்தது, நல்ல கொழுப்புத் துண்டாகப் பார்த்து மூன்று வந்தன. எனக்குக் கை போகவில்லை. நேற்றுவரை ஊரெல்லாம் போய்க் கறிக்காகச் சண்டை போட்டவள் நான். கை மடியில் கிடக்கிறது.

"அக்கா, இன்னைக்கு அமாவாசை. எங்கம்மாவுக்காக ஒருபொழுது இருக்கேன்."

"நானும் எங்கம்மாவுக்காகத்தானே ஆக்கினேன்?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"செத்தவங்களுக்கே கறி வெக்கறோம் நாங்க. உசுரோட இருக்கறவள ஓட்டல்ல ஒக்கார வெச்சு காளான் போடறீங்க நீங்க. நீ மட்டும் வேறன்னு நெனச்சேன். நீயும் அவங்க ஆளுதான்."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இலையை எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ வைத்துவிட்டு, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார், அதில் ஒரு குறையும் இல்லை.

பஸ்ஸில் யார்மேலாவது கோபப்பட்டுக்கொண்டே வரலாம் என்று பார்த்தேன். சார்மேல், இவர்மேல், நாகராஜ்மேல். ஒன்றும் ஒட்டவில்லை. நான் அக்காவுக்காகப் பேசியது கறியைப் பற்றித்தான், அக்காவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. அவமானமாக இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

மழை. பேக்கிங் பக்கம் போனேன். "சொல்லுங்க மேடம்" என்றார் அக்கா. மேடம்! இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மதியம் சார் கூப்பிட்டார். "பிரச்சினை முடிஞ்சது வசந்தி. கெம்பம்மாவே வந்து எங்க வெச்சாலும் சரின்னு சொல்லிட்டாங்க." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சைவ ஓட்டலுக்குப் போன் போட்டு, சாரையும் சேர்த்துப் பதினாறு இடம் சொன்னேன். ஃபேமிலி ஹாலே தருகிறார்களாம்.

சால்வை வாங்கியாச்சு. மெரூன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆயுத பூஜைக்காக மெஷின் துடைக்கும் வேலை ஆரம்பம். எங்கும் டீசல் வாசனை. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள்:

"செவ்வாக்கெழம காலையில டிபன் சாப்டாத. அங்க காளான் சுக்கா ரெண்டாவது தடவையும் கேட்டா குடுப்பாங்க."

"கெம்பம்மாக்கா கறி கேட்டாங்களாமே?"

"அவங்களுக்கென்னடி, புரட்டாசியா மார்கழியா. அவங்க வழக்கம் அப்படி."

அவங்க வழக்கம்! சண்டைக்குப் போகத் திரும்பினேன். எந்த வாயோடு போவது? பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சா. 6.30. கறிக்கடை. கடையில் நானும் ஒரு பூனையும். கடைக்காரர் தராசைத் துடைத்தபடி, "புரட்டாசி பொறந்து கடைக்கு வந்த மொத வீட்டம்மா நீங்கதான்" என்றார். தொடைக்கறி, எலும்போடு ஒரு கிலோ. பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு காலனிக்குள் நுழைந்தேன். பாதி வழியில் எனக்கே ஆத்திரம் வந்து வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டேன். எதிர் வீட்டம்மா பார்த்தார். பார்க்கட்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கா. 4.30க்கு அடுப்பு. குக்கர் இரண்டாவது விசிலுக்கு இவர் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன், அக்காவுக்கு என்று. ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிட்டு, "எனக்கு வேணாம்" என்றார். யாரும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. சோறு வடித்தேன். மூன்றடுக்குத் தூக்கு, மேலே துண்டு சுற்றி. கம்பெனியில் என் லாக்கர்.

மதியம் ஃபேமிலி ஹால். மாலை, சால்வை, விளக்கு. சார் பேசினார். கெம்பம்மா நம் குடும்பத்தில் ஒருவர், கேட்டு எதையும் வாங்கிக்கொண்டதில்லை என்றார். கேட்டதைக் கொடுக்கவில்லை என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கை தட்டினேன். நாகராஜ் மூன்று தடவை சுக்கா வாங்கினார். பெண்கள் எல்லோரும் தாழ்ப்பாள் போட்டுப் போய்வந்தார்கள். அக்கா காளானை இலையோரம் ஒதுக்கிவிட்டு ரசச்சோறு சாப்பிட்டார். பாயசம் வைக்க வந்தவரிடம், "சாக்கும்மா, போதும்" என்று கையால் மறித்தார்.

மூன்று மணிக்குக் கணக்கு முடித்துப் பேப்பர் கொடுத்துவிட்டார்கள். பர்மிஷன் போட்டுவிட்டு, லாக்கரிலிருந்து தூக்கை எடுத்துக்கொண்டு, அக்காவின் ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட். அஞ்செட்டி பஸ் நாலரைக்கு. பெஞ்சில் விளக்கையும் சால்வையையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தூக்கை அவர் மடியில் வைத்தேன்.

"என்னது?"

"கறி. காலைல ஆக்குனது. களி வரல எனக்கு."

அங்கேயே திறந்தார். பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில், பெருமாளுக்கு மாலை போட்ட ஒருவர் எழுந்து தள்ளிப் போக, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு பாக்காமயே ஆக்கினியா?"

செவ்வாய்க்கிழமை. புரட்டாசி. ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காமல்தான் இறக்கினேன்.

"ஆமாக்கா."

கன்னடத்தில் ஒரு வசவு. நல்ல நீளமான வசவு. பிறகு எலும்போடு ஒரு துண்டு எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இந்தா. இப்பப் பாரு."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வாங்கினேன். கடித்தேன். எலும்பை உறிஞ்சினேன்.

உப்பு போதவில்லை.